எழுத்தும் படமும் களவு போனால்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எழுதுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகு, இந்தக் கரையைப் படம் பிடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரிச்சல்முனை, தேவிபட்டினம் நவபாஷாணம், கீழக்கரைப் பள்ளிவாசல், மண்டபத்துக் கரைவலை என்று எதைத் தேடினாலும் உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்த படமும் எழுதிய கட்டுரையும் கிடைக்கின்றன. அவற்றில் எத்தனையோ வேறு யாருடைய பெயரிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன. லோகோ இருக்கும் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். கட்டுரையை இயந்திரக் குரலில் வாசிக்கவிட்டு வீடியோ ஆக்குகிறார்கள். தமிழில் எழுதியதை ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மாற்றித் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.

உழைத்தவருக்குப் பெயரும் வருமானமும் போவது ஒரு நட்டம். கடற்கரையில் இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: களவுபோன நகலைத் திருத்த முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதை நீங்கள் வீடியோ போடுகிறீர்கள். கூண்டு இறக்கியதும் தலைப்பை மாற்றிவிடுகிறீர்கள். அதை எடுத்துப் போட்டவர் மாற்றமாட்டார். அடுத்த வருஷம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அதே வீடியோ தேதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒருநாள் தொழிலை இழந்து கரையில் நிற்பவர்கள் நாட்டுப்படகுக்காரர்கள்தான். இன்னும் கெடுதல், இப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டார். அதனால் நம் உழைப்பைக் காப்பதைச் சுயநலம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம், இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பெரும்பாலும் கைவிரித்து நிற்கிறார்கள்.

படி 1: உங்களுடையது எது என்று தெளிவாகுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. நீங்கள் எழுதிய நொடியிலேயே, ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான நம்பிக்கை. எழுத்துக்கும் படத்துக்கும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

ஆனால் சட்டம் காப்பது நீங்கள் சொன்ன விதத்தை; சொன்ன தகவலை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் போனது என்பவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த இரவைப் பற்றி ஒரு பெரியவரிடம் நீங்கள் கேட்டு வாங்கிய பேட்டி, அதை நீங்கள் அடுக்கிய முறை, உங்கள் வாக்கியங்கள், இவை உங்களுடையவை. கீழக்கரைத் தொதலும் அப்படித்தான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்ற பட்டியலுக்கு உரிமையாளர் கிடையாது. எந்தப் பதத்தில் எண்ணெய் பிரியும், எவ்வளவு நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும் என்று உங்கள் பாட்டி சொன்னதை நீங்கள் எழுதிய பத்தியை அப்படியே தூக்கினால், அது களவு.

மொழிபெயர்ப்பதும் படைத்தவரின் உரிமையில் அடக்கம். எழுத்தைக் குரலாக்கிக் காணொளியில் ஓட்டுவதும் அப்படியே. ‘நான் ஆங்கிலத்தில்தானே போட்டேன்’, ‘வாசிக்கத்தானே செய்தேன்’ என்ற பதில்கள் செல்லாது.

படத்தில் சில சிக்கல்கள் இருக்கின்றன. எடுத்தவரே படைத்தவர். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக எடுத்ததென்றால் உரிமை பொதுவாக முதலாளிக்குப் போகும். ஒரு விடுதிக்காகக் கூலி பேசி எடுத்த படத்தை விடுதிக்காரர் வேறு இடத்தில் போட்டதற்காகச் சண்டைக்குப் போகுமுன் இதை யோசித்துவிடுங்கள்.

பழைய பாடல்களில் இன்னும் நுட்பம் தேவை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு பரம்பரைச் சொத்து; அந்தப் பாட்டுக்கு நீங்கள் உரிமை கேட்க முடியாது. உங்கள் செலவில் செய்த ஒலிப்பதிவில் உங்களுக்கு உரிமை உண்டு. அதே பதிவில் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று, 50 ஆண்டுகளுக்கு, சட்டத்தின் 38-ஆம் பிரிவில் இருக்கிறது. ‘என் வீடியோவைத் திருடிவிட்டான்’ என்று நாம் கொதிக்கும்போது, அந்த வீடியோவில் பாடிய மனிதரிடம் நாம் அனுமதி வாங்கினோமா என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி.

எது களவில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 52-ஆம் பிரிவின்படி, நடப்புச் செய்தி சொல்லவும், விமர்சிக்கவும், ஆராயவும் உங்கள் படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாளலாம். உங்கள் கட்டுரையின் நான்கு வரியை மேற்கோளாகக் காட்டி, உங்கள் பெயரும் சொல்லி, மறுத்து எழுதுபவர் மேல் புகார் போடாதீர்கள். இன்னொரு பக்கம், முழுப் படத்தையும் போட்டுவிட்டு ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவது அனுமதி ஆகாது. உங்கள் பெயரையே போட்டு நன்றி சொன்னாலும், கேட்காமல் முழுவதும் எடுத்தது கேட்காமல் எடுத்ததுதான்.

படி 2: வாய் திறக்குமுன் ஆதாரம்

களவைக் கண்டதும் கை போகும் இடம் கமெண்ட் பெட்டி. அங்கே ஒரு வார்த்தை எழுதினால் எடுத்தவர் விழித்துக்கொள்வார். பதிவை அழிப்பார், உங்களைத் தடை செய்வார், நாலு நாளில் வேறு பெயரில் மறுபடி ஏற்றுவார். உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஸ்டோரி என்றால் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். முதலில் கீழே உள்ளவற்றை அமைதியாகச் செய்யுங்கள்.

1. முழுப் பக்கமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய முகவரி, பதிவிட்டவர் பெயர், தேதி, பார்வை எண்ணிக்கை நான்கும் தெரிய வேண்டும். கூடவே திரைப்பதிவை ஓடவிட்டு, அவர் பக்கத்துக்குள் நுழைவதிலிருந்து உங்கள் படைப்பு தெரிவது வரை ஒரே ஓட்டமாகப் பதியுங்கள்.
2. முகவரியை நகலெடுத்து எழுத்தாகச் சேமியுங்கள். சேனலின் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம். அதன் உள் அடையாள எண் மாறாது. அதையும் குறித்துவையுங்கள்.
3. பொதுவில் திறக்கும் இணையப் பக்கம் என்றால் வேபேக் மெஷின் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். தேதியோடு மூன்றாமவர் வைத்திருக்கும் நகல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு.
4. உங்கள் பக்கத்து மூலக் கோப்புகளை ஓரிடத்தில் சேருங்கள்: கேமராவிலிருந்து நேராக வந்த கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எடிட் செய்த கோப்பு, கட்டுரையின் வரைவுகள், பேட்டியின் ஒலிப்பதிவு.

நான்காவதுதான் வழக்கை வெல்லும் ஆதாரம். வெளியான ஒரு படம் எல்லோரிடமும் இருக்கும். அதே விடியலில் ஒரு நிமிஷம் முன்னால் எடுத்து வெளியிடாத படம் எடுத்தவரிடம் மட்டும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நாள், நேரம், கேமரா பற்றிய உள் தகவல்கள் அழிந்துவிடும். ஆகவே வாட்ஸ்அப் நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள்.

விஷயம் நீதிமன்றம் போகுமானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மற்றதை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடான ஹாஷ் மதிப்பும் கேட்கப்படும். இதை இப்போதே செய்யத் தேவையில்லை. ஆனால் எந்தக் கருவியில், எந்த நாளில், எப்படிச் சேமித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பின்னால் வழக்கறிஞரின் வேலை பாதியாகும்.

படி 3: எதைத் துரத்துவது, எதை விடுவது

எல்லா நகலையும் துரத்தினால் எழுத நேரம் இருக்காது. நான் ஆபத்தை வைத்துத்தான் முதலில் பிரிப்பேன்.

தேதி நீக்கப்பட்ட வானிலை எச்சரிக்கை, குளிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதிய வரியை மட்டும் வெட்டிவிட்ட அரிச்சல்முனைப் பயணக் குறிப்பு, இவற்றை அன்றைக்கே எடுக்கவைக்க வேண்டும். ஒருவரின் முகத்தை வைத்துப் பணம் திரட்டும் பதிவும் இதே வரிசை. இறந்துபோன மீனவரின் வீட்டுப் படத்தைப் போட்டு யாரோ ஒருவர் தன் கணக்குக்கு உதவி கேட்டால், அது பதிப்புரிமையைத் தாண்டிய மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள்.

பாசி எடுக்கும் பெண்களின் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய கடலில் யார் எதுவரை போகலாம் என்பது அவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே பல ஆண்டுகளாக நீடிக்கும் பிரச்சினை. மரிக்கொழுந்துப் பாசிக்காக அவர்கள் மூச்சடக்கி முங்குவதை நீங்கள் மரியாதையோடு எடுத்த வீடியோவை, ‘தீவுக்குள் அத்துமீறும் பெண்கள்’ என்று தலைப்பு மாற்றி ஒருவர் போட்டால், பாதிக்கப்படுவது அந்த முகங்கள். படைப்பைத் திரித்துப் படைத்தவரின் மதிப்பைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமையை 57-ஆம் பிரிவு தருகிறது. உரிமையை விற்றுவிட்டாலும் இந்த உரிமை உங்களை விட்டுப் போகாது. இப்படிப்பட்ட நகலில் பார்வை எண்ணிக்கை பத்தா பத்தாயிரமா என்று பார்க்கவே கூடாது.

அடுத்து வருமானம். உங்கள் படத்தை வைத்து வேன் பயணம் விற்பவர், விடுதி அறை விற்பவர், கருவாட்டுப் பாக்கெட்டில் அச்சடிப்பவர், விளம்பரக் காசு வாங்கும் சேனல். இவர்களிடம் நீக்கவும் சொல்லலாம், கட்டணமும் கேட்கலாம்.

ஊர்க் குழுக்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி மாணவரின் புராஜெக்ட், ஆர்வத்தில் பகிர்ந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர், இவர்களிடம் ஒரு போன் போதும். ‘பேரைப் போடுப்பா’ என்றால் போடுவார்கள்.

படி 4: நேரடியாகக் கேட்பது

ஆதாரம் கைக்கு வந்தபின், ஆபத்தில்லாத வகைகளில் முதலில் எடுத்தவரிடமே கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் சட்டமொழி வேண்டாம்:

“அண்ணே, உங்க பேஜ்ல நேத்துப் போட்ட பாம்பன் பாலம் படம் நான் எடுத்தது. ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு. கேக்காம எடுத்துட்டீங்க. நாளைக்குள்ள எடுத்துருங்க. விளம்பரத்துக்கு வேணும்னா சொல்லுங்க, ரேட் பேசிக்கலாம்.”

அறிமுகமில்லாதவர் அல்லது நிறுவனம் என்றால் மின்னஞ்சலில்:

“வணக்கம். உங்கள் தளத்தில் (முகவரி) இந்தத் தேதியில் வெளியான (தலைப்பு) கட்டுரை, நான் (தேதி) அன்று (முகவரி) வெளியிட்ட கட்டுரையின் நகல். இதற்கு நான் அனுமதி தரவில்லை. 48 மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டு எனக்கு உறுதிப்படுத்தவும். நீக்காவிட்டால் உங்கள் தளத்தை இயக்கும் நிறுவனத்திடம் பதிப்புரிமைப் புகார் அளிப்பேன்.”

இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். வசவு, சாதி, மதம், குடும்பம் எதுவும் உள்ளே வரக்கூடாது. ‘இத்தனை ஆயிரம் தராவிட்டால் ஊரெல்லாம் நாறடிப்பேன்’ என்று எழுதினால், மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரும். ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு என்று மிரட்டப்பட்டவர் திருப்பி உங்கள் மேல் வழக்குப் போட 60-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

படி 5: தளங்களிடம் புகார்

பதில் வராவிட்டால், அல்லது ஆபத்தான நகல் என்றால் காத்திருக்காமலே, தளத்துக்குப் போங்கள். பெரிய தளங்கள் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய படிவங்களை வைத்திருக்கின்றன. இந்தியாவிலிருந்தும் அனுப்பலாம், பதிவுச் சான்றிதழ் தேவையில்லை. எல்லாப் படிவமும் கேட்பது இவைதான்: உங்கள் மூலப் படைப்பு எது, நகல் எங்கே, உங்கள் பெயரும் தொடர்பும், அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன் என்ற வாசகம், சொன்னது உண்மை என்ற உறுதி, கையொப்பம். ‘ரிப்போர்ட்’ பொத்தானில் ஸ்பேம் என்று அமுக்குவது இதற்கு ஈடாகாது. பதிப்புரிமைப் படிவம் தனியாக இருக்கும், அதைத் தேடி எடுங்கள்.

யூடியூபில் உடனே நீக்கும்படியும் கேட்கலாம், 7 நாள் அவகாசம் கொடுத்தும் கேட்கலாம். அவகாசத்துக்குள் அவரே நீக்கினால் அவர் சேனலுக்கு ஸ்டிரைக் (தண்டனைப் புள்ளி) விழாது. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். முதல் தவறு செய்யும் உள்ளூர்ப் பையனுக்கு 7 நாள் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். திரும்பத் திரும்பத் திருடும் சேனலுக்கு இரக்கம் வேண்டாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டாவின் படிவம். தனி இணையதளம் என்றால் அதற்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கண்டுபிடித்து எழுதுங்கள். கூடவே கூகுள் தேடலிலிருந்து அந்தப் பக்கத்தை நீக்கக் கேளுங்கள். தேடலில் வராத நகல் பாதி செத்த நகல்.

பெண்களும், பெயர் மறைத்து எழுதுபவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். புகாரில் சட்டப்படியான பெயர் தர வேண்டும். அது எதிராளிக்குப் போகும். கூகுளுக்கு அனுப்பும் புகார்கள் லூமென் என்ற பொது ஆவணத் தளத்திலும் வெளியாகலாம். இது ஆபத்து என்றால், நம்பிக்கையான வழக்கறிஞரையோ வேறொருவரையோ உங்கள் அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக வைத்து அனுப்புங்கள்.

2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளங்கள் குறைதீர் அலுவலரை நியமித்து அவர் விவரத்தை வெளியிட வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். அவர் முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே போகலாம்.

எதிராளி ‘இது என்னுடையதுதான்’ என்று மறுப்பு அனுப்பும் சாத்தியம் உண்டு. அப்போது 10 வேலை நாளுக்குள் நீங்கள் நீதிமன்றம் போனதற்கான ஆதாரத்தை யூடியூபுக்குத் தராவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். ஆகவே புகார் அனுப்பும்போதே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்: மறுத்தால் போவேனா, விட்டுவிடுவேனா?

படி 6: வக்கீல் நோட்டீஸ், நீதிமன்றம், போலீஸ்

டெல்லியில் இருக்கும் நிறுவனம் திருடியது என்றால் டெல்லிக்குப் போக வேண்டுமோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். போக வேண்டாம். 62-ஆம் பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். தொண்டியில் இருந்தாலும் ஏர்வாடியில் இருந்தாலும் அது இராமநாதபுரம்தான். தடை உத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். நட்டஈட்டுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு படத்துக்காக இந்த வழியில் இறங்காதீர்கள். தொழிலாகவே திருடுபவர்களுக்கும், அச்சடித்து விற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உதவி எண் 15100.

பதிவுச் சான்றிதழ் கட்டாயமில்லை என்றாலும், நீதிமன்றம் அதை முதல்நோக்கு ஆதாரமாக, அதாவது எதிராளி பொய்யென்று காட்டும்வரை, ஏற்கும். எழுத்துக்கும் படத்துக்கும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய், காணொளிப் படைப்புக்கு 5,000 ரூபாய் கட்டணம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இதைச் செய்வது வீண். தனுஷ்கோடி வாய்மொழி வரலாறு போல ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒன்று இருந்தால் அதற்குச் செய்யுங்கள்.

படி 7: அடுத்த முறைக்கு முன்

வாட்டர்மார்க்கை ஓரத்தில் போடாதீர்கள். பாலமும் கடலும் சந்திக்கும் இடத்தில், வெட்டினால் படமே கெடும்படி, மெல்லிதாகப் போடுங்கள். இணையத்தில் சிறிய அளவை ஏற்றிப் பெரிய கோப்பைக் கையில் வைத்திருங்கள். படத்தைக் கொண்டே தேட உதவும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் மாதம் ஒருமுறை உங்கள் நல்ல படங்களைத் தேடுங்கள். கட்டுரைக்கு, நீங்கள் மட்டும் எழுதக்கூடிய ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். அந்தத் தொடர் புதிதாக எங்காவது வந்தால் மின்னஞ்சலில் சொல்லும் கூகுள் அலர்ட்டும் வைக்கலாம். பாம்பன் தெற்குவாடியில் மட்டும் புழங்கும் ஒரு மீன் பெயர், கச்சான் காற்றைப் பற்றி ஒரு கிழவர் சொன்ன வாக்கு, இப்படி உண்மையும் தனித்தன்மையும் கொண்ட விவரங்களைக் கட்டுரைக்குள் நடுநடுவே வையுங்கள். செயற்கை நுண்ணறிவால் வார்த்தைகளை மாற்றி எழுதினாலும் இந்த விவரங்களின் வரிசை காட்டிக்கொடுக்கும். திருடனைப் பிடிக்கப் பொய்யான தகவலை நடுவில் புதைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கடலைப் பற்றி எழுதுபவர் அதைச் செய்யவே கூடாது. அதை நம்பி ஒருவர் தன் வத்தையை (நாட்டுப்படகை) கடலில் இறக்கிவிடுவார்.

வானிலை வீடியோவில் தேதியையும் நேரத்தையும் இடத்தையும் வாயால் சொல்லுங்கள். ‘இன்னைக்கு நவம்பர் 26, காலை 7 மணி, பாம்பன் வடக்குக் கரை’ என்று பேச்சின் நடுவே சொன்னால் அதை வெட்ட முடியாது. வெட்டினாலும் பேச்சு தடுமாறுவது காட்டிவிடும்.

யாராவது முறையாகக் கேட்டு, காசும் தர முன்வந்தால் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் படம், எந்தப் பயன், எத்தனை நாள், எந்த ஊர் எல்லை, எவ்வளவு தொகை. உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு விளம்பரப் பலகைக்குக் கொடுத்த படம் அஞ்சு வருஷம் நாடு முழுக்க ஓடவேண்டாம் என்றால், அதை அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படத்தில் தெரியும் முகம் இருந்தால், விற்குமுன் அவரிடம் சொல்லி, வரும் தொகையில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் சேருங்கள்.